இலங்கை மலையகத்து மரங்களின் நலத்தை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முற்றத்துப் பலா, பள்ளிக்கூட மைதான ஓரத்துச் சைப்பிரஸ், கோவில் அரசமரம், பாதையோர டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்), தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் கிரெவிலியா, மாடசாமிக்கு விட்டதால் யாரும் கைவைக்காத முதுமரம். இவற்றை வைத்துப் பராமரிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலானவற்றுக்கு ஒரு அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும்.

மரம் பச்சையாகத்தானே நிற்கிறது, எதற்கு அளக்க வேண்டும்?

மரம் சாவதற்கு அவசரப்படாது. பாதையை அகலப்படுத்தும்போது ஒரு பக்க வேர் முழுவதும் வெட்டுப்பட்ட டர்பன்டைன் அந்த வருடமும் தளிர்விடும், அடுத்த வருடமும் விடும். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாச்சத்தைச் செலவழித்துச் சில வருடங்களை ஓட்டிவிடும். அதன் பிறகு ஒரு வறட்சியோ தென்மேற்குப் பருவக்காற்றோ வரும், மரம் போய்விடும். "நேற்றுவரை நல்லா இருந்த மரம்" என்று ஊரில் பேசுவார்கள். உண்மையில் இலை ஏற்கெனவே சிறுத்திருக்கும், கிளை நுனி நீளுவது குறைந்திருக்கும், அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றிருக்கும். தினமும் பார்க்கிற மரத்தில் மெதுவாக நடக்கும் மாற்றம் கண்ணில் படாது. திகதி போட்டு எண்ணாக எழுதி வைத்தால்தான் படும்.

நன்றாக வளரும் மரம் ஆபத்தில்லாத மரம்தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் கூரைகள் உடைகின்றன.

மரத்தின் வளர்ச்சி வேகம் ஒன்று, நோய் நொடி இல்லாமல் இருப்பது இன்னொன்று, காற்றுக்குச் சாயாமல் நிற்பது வேறொன்று. வருடத்துக்கு வருடம் விறுவிறுவென்று ஓங்கும் அல்பிசியாவுக்கு வீரியத்தில் குறையே கிடையாது, ஆனால் அதன் கட்டை மென்மையானது, கிளை சட்டென்று முறியும். மறுபக்கம், நடுவில் பொந்து விழுந்த பழைய மரம் ஒன்று மெல்ல வளர்ந்தபடி இன்னும் பல காலம் உறுதியாக நிற்கக்கூடும். எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது வேர் அழுகல்: தாங்கும் வேர்கள் பாதி போன பிறகும் தண்ணீர் உறிஞ்ச மீதி வேர் போதுமாக இருந்தால் உச்சி பச்சையாகவே தெரியும்.

ஆகவே கீழே சொல்லும் அளவுகள் பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றியவை. வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அவை மட்டும் போதாது.

கையில் இருப்பது தையல் நாடா மட்டும். எங்கே தொடங்குவது?

அடிமரச் சுற்றளவில் தொடங்குங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில், நாடாவைத் தண்டுக்குக் குறுக்காக, சாயாமல் சுற்றி அளக்க வேண்டும். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் கிட்டத்தட்ட 30 செ.மீ.

அளந்த இடத்தில் ஒரு சின்னப் பெயின்ற் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் நாலு விரல் மேலேயோ கீழேயோ அளந்தால், அந்த வித்தியாசமே ஒரு வருட வளர்ச்சியை விழுங்கிவிடும். ஆணி அடிக்க வேண்டாம். பட்டையில் தளர்ந்து நிற்கும் பாசியைக் கையால் தட்டிவிட்டு நாடாவைச் சுற்றுங்கள். நுவரெலியாப் பக்கம் பாசியின் தடிப்பே அளவைக் கெடுத்துவிடும்.

இன்னொரு விஷயம்: தண்டு பகலில் கொஞ்சம் சுருங்கும், இரவில் நீரேறி விரியும். வறட்சியில் சில வாரங்கள் சுருங்கியே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், காலையில் அளப்பது நல்லது.

எங்கள் ஊரில் சமதரையே இல்லை. சரிவில் நிற்கும் மரத்தை எப்படி அளப்பது?

மேட்டுப் பக்கத்தில் நின்று 1.3 மீட்டரைக் கணக்கிடுங்கள். பள்ளப் பக்கத்தில் நின்று அளந்தால் வேர் விரியும் பகுதியில் நாடா விழுந்து சுற்றளவு கூடுதலாக வரும். பலகை வேர் உள்ள மரமானால் பலகை முடியும் இடத்துக்கு ஒரு அடி மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரம் என்றால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளக்க வேண்டும்.

உயரம் அளக்கக் குச்சி முறை உண்டு. உங்கள் கைநீளத்துக்குச் சமமான குச்சியைக் கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, குச்சியின் அடி மரத்தின் அடியோடும் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னால் போங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். மலையில் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: மேலேயோ கீழேயோ போகாமல், மரத்தின் அடிக்குச் சமமான மட்டத்தில், தேயிலை மலையில் கான் (வடிகால்) ஓடும் போக்கிலேயே பக்கவாட்டில் போக வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் போனில் உள்ள உயரம் அளக்கும் செயலி உதவும். உயரம் சில அடி பிழைத்தாலும் கவலையில்லை. சுற்றளவு பிழைக்கக் கூடாது.

வருடத்துக்கு எவ்வளவு பருத்தால் நல்லது?

எல்லா மரத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. பேராதனையின் வெப்பத்தில் நிற்கும் மரமும் ஹக்கலையின் குளிரில் நிற்கும் மரமும் ஒரே இனமானாலும் ஒரே வேகத்தில் வளராது. இளமரம் வேகமாகப் பருக்கும், கிழமரம் மெதுவாக. ஒரு மரத்தை அதன் பழைய கணக்கோடும், பக்கத்தில் நிற்கும் அதே வயது, அதே இன மரங்களோடும் ஒப்பிடுங்கள். வரிசையாக நட்ட பத்துக் கிரெவிலியாவில் எட்டு ஒரே மாதிரிப் பருத்து இரண்டு மட்டும் நின்றுபோனால் அந்த இரண்டின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்துமே நின்றிருந்தால் அந்த வருட மழையைப் பாருங்கள்.

வளையங்களை எண்ணிப் பார்க்க முடியாதா?

குளிர்நாட்டு மரம் குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்துவதால் வருடத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். நம் மலையில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. பல மரங்களில் வளையம் தெளிவில்லை, சிலவற்றில் வறட்சிக்கும் ஒரு வளையம் விழும். அதோடு, வளையம் பார்க்கத் துளை போடுவது மரத்துக்கு ஒரு புண். விட்டுவிடுங்கள்.

கிளை நுனியைப் பார்த்து வீரியம் சொல்லலாமா?

சொல்லலாம், நல்ல வழி அது. ஒரு பருவத்தில் கிளை நுனி எவ்வளவு நீண்டது என்பது மரத்தின் வீரியத்தை நேராகக் காட்டும். மேப்பிள், ஓக் போன்ற குளிர்நாட்டு மரங்களில் மொட்டுச் செதில் விழுந்த தழும்பு கிளையைச் சுற்றி வளையமாக இருக்கும், ஒரு தழும்பிலிருந்து அடுத்ததற்கு ஒரு வருடம். நம் பலாவிலும் மாவிலும் அப்படி வாசிக்க முடியாது, வருடத்தில் பல தடவை தளிர் விடும். அதற்கு மாற்று: கைக்கெட்டும் உயரத்தில், வெயில் படும் பக்கமாக, நாலைந்து கிளை நுனிகளில் சின்னப் பெயின்ற் புள்ளி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் புள்ளியிலிருந்து நுனி வரை அளந்து சராசரி பாருங்கள். நிழலில் கிடக்கும் கிளையையும், வெட்டிய இடத்தில் கிளம்பிய தளிரையும் இதில் சேர்க்காதீர்கள்.

இலையின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். நுனியில் முழுதாக விரிந்த இலைகளில் பத்தைப் பறித்து நீளம் அளந்து எழுதுங்கள். வேர் அடிபட்ட மரம் முதலில் இலையைத்தான் சிறிதாக்கும்.

உச்சியைப் பார்த்து மதிப்பிடுவது எப்படி?

மரத்தின் நலத்தை வாசிக்க இதைவிடப் பெரிய பக்கம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உயிருள்ள கிளைக்குடை மரத்தின் மொத்த உயரத்தில் எவ்வளவு பங்கு. 20 மீட்டர் மரத்தில் கீழேயிருந்து 8 மீட்டர் வரை வெறும் தண்டு, மேலே 12 மீட்டர் கிளையும் இலையும் என்றால் 60 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போன மரம் தன் தண்டுக்கே சாப்பாடு போடச் சிரமப்படும். உச்சி பாரமாகவும் அடி மெலிந்தும் இருப்பதால் காற்றிலும் ஆடும். தோட்டங்களில் விறகுக்காகக் கீழ்க் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் தடி முனையில் ஒரு கொத்து இலையோடு நிற்கும் மரங்கள் எத்தனை பார்த்திருப்போம்! அது நோயல்ல, கத்தி செய்த வேலை. இருந்தாலும் அளவில் குறைவு குறைவுதான்.

இரண்டாவது, பட்டுப்போன நுனிகள். குடையின் வெளி ஓரத்திலும் உச்சியிலும் நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வரும் கிளைகளை மட்டும் எண்ணுங்கள். உள்ளே, அடியில், நிழலில் காய்ந்த குச்சிகள் எந்த நல்ல மரத்திலும் இருக்கும், அவை கணக்கில் வராது. மொத்தக் குடையில் இது எத்தனை சதவீதம் என்று ஐந்து ஐந்தாக மதிப்பிடுங்கள்: 5, 10, 15 என்று. 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. 20 தாண்டினால் காரணம் தேட வேண்டும். பாதிக்கு மேல் பட்டுப்போன மரம் தேறுவது அரிது, நம்பிக்கை கொடுத்து உரம் விற்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, குடையின் ஊடாக எவ்வளவு வானம் தெரிகிறது என்பது. இதற்கு இனம் தெரிந்திருக்க வேண்டும். கிரெவிலியாவின் இலை கீற்றுக் கீற்றானது, நல்ல மரத்திலேயே வானம் தெரியும். பலாவில் அதே அளவு தெரிந்தால் பிரச்சினை. ஒரே இடத்தில் நின்று, அந்த இடத்தையும் ஒரு கல் வைத்து அடையாளம் செய்து, வருடா வருடம் போனில் படம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெயிலுக்கு எதிராக எடுத்த படத்தில் எல்லா மரமும் மெலிந்தே தெரியும்.

இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு எண்களை ஒப்பிடுவது நல்ல பழக்கம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி சேர்ந்து பாருங்கள்.

எந்த மாதத்தில் பார்ப்பது?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஊவாவில், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம், அதே காலத்தில்தான் காய்ந்த கச்சான் காற்று. அங்கே பெரிய மழை வருடக் கடைசியில் வரும். பொதுவாக, உங்கள் பக்கத்து மழை முடிந்து தளிர் முற்றி, அடுத்த வறட்சி தொடங்கும் முன்னுள்ள இடைவெளி நல்லது.

வறண்ட மாதங்களில் இலை உதிர்த்துவிட்டு உடனே துளிர்க்கும் மஹோகனி போன்ற மரங்களை அந்த நேரம் பார்த்தால் எல்லாமே சாகிற மரமாகத் தெரியும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பனி விழுந்து கருகிய இலையும் அப்படித்தான் பயமுறுத்தும், கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும்.

கவ்வாத்துக்கு முன்னால் தேயிலை வேரை அயடீனில் போட்டுப் பார்ப்பார்களே, மற்ற மரங்களுக்கும் அது செய்யலாமா?

செய்யலாம். நம்மூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மரத்தின் வீரியத்தைச் சோதிக்கும் ஒரு முறை நம் தேயிலை மலைகளில் வழக்கமாகவே இருந்துவருகிறது, அதை மற்ற மரங்களுக்குக் கொண்டுபோக யாரும் யோசிப்பதில்லை.

தேயிலையில் நடப்பது இது. கவ்வாத்து வெட்டியதும் செடியில் இலையே இருக்காது. புதுத் தளிர் வர வேண்டுமானால் வேரில் மாச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். அதனால் வெட்டும் முன்பு சில செடிகளிலிருந்து பென்சில் தடிப்பு வேரை எடுத்துக் கழுவி, வெட்டுமுகத்தை அயடீன் கரைசலில் நனைப்பார்கள். கருநீலமாக மாறினால் கையிருப்பு இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் செடி வெறுங்கையோடு நிற்கிறது. சில வாரம் கொழுந்து எடுக்காமல் ஓய்வு விட்டு மறுபடி பார்ப்பார்கள். தலவாக்கலையில் உள்ள, 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோட்டங்களுக்குச் சொல்லிவரும் முறை இது.

பெரிய மரத்துக்கும் இதே தர்க்கம்தான். குடையின் விளிம்புக்குக் கீழே மண்ணை மெதுவாக விலக்கினால் பென்சில் தடிப்பு வேர் கிடைக்கும். அது அந்த மரத்தின் வேர்தானா என்று பின்தொடர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள், பக்கத்துச் செடியின் வேராக இருந்துவிடலாம். மூன்று நான்கு திசைகளில் ஒவ்வொன்று போதும். பார்மசியில் வாங்கும் டிங்ச்சர் அயடீனைத் தண்ணீரில் கலந்து, புதிதாக வெட்டிய முகத்தில் தடவி ஓரிரு நிமிடம் பொறுங்கள். நலமான மரத்தின் வேரையும் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டால்தான் பொருள் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. பெருந்தளிர் விட்டு முடித்த கையோடு பார்த்தால் நல்ல மரத்திலும் இருப்பு குறைவாகவே இருக்கும், சம்பளத்துக்கு முந்தின வாரம் சேமிப்புப் புத்தகத்தைப் பார்ப்பது மாதிரி. இரண்டாவது, இருப்பைச் சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ வைக்கும் மரங்களும் உண்டு, அவற்றில் அயடீன் எதையும் காட்டாது. எனவே இதைத் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பாருங்கள். பெரிய கிளை எதையாவது வெட்டப் போகிறீர்கள் என்றால் வெட்டும் முன் இதைச் செய்து பார்ப்பது மிகவும் பயன்படும்.

மண்ணிலும் வேரிலும் எதைப் பார்ப்பது?

மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேலே உள்ள இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் குடையின் விளிம்பையும் தாண்டி வெகுதூரம் ஓடும். உச்சியில் தெரியும் பாதிக் குறைகளுக்குக் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

முதலில் அடிமரம் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். மரம் அங்கே விரிந்து வேராக மாறுவது தெரிய வேண்டும். கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் போனால் மண் மேடாகிவிட்டது என்று அர்த்தம். மலையில் இது சாதாரணமாக நடக்கும்: மேலே வீடு கட்ட வெட்டிய மண்ணைக் கீழே மரத்தடியில் தள்ளுவார்கள், அல்லது கான் துப்புரவு செய்த சேறு அங்கே குவியும். அடிமரத்துப் பட்டை மண்ணுக்குள் நனைந்தே கிடந்தால் அழுகும், கீழே உள்ள வேருக்குக் காற்றும் போகாது. குவிந்த மண்ணை இரும்பு இல்லாமல் கையாலும் குச்சியாலும் விலக்குங்கள்.

கோவில் அரசமரத்தைச் சுற்றி அடிமரம் வரை சீமெந்து மேடை போடுவதும் இதே வகை. பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. மேடைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தப்படி அகல இடைவெளி விடச் சொல்லுங்கள், மரம் பருக்க இடம் வேண்டும். துணி காயப்போடும் கொடிக்கம்பியைச் சுற்றிக் கட்டிய மரங்களையும் பாருங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால் இலையில் சமைத்த உணவு கீழே இறங்கும் வழி அடைபட்டு, கம்பிக்கு மேலே தண்டு வீங்கும்.

மண் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க மழைக்கு மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். நல்ல மண்ணில் ஓர் அடி சிரமமில்லாமல் இறங்கும். மைதான ஓரத்திலும் வேன் நிறுத்தும் இடத்திலும் நாலு அங்குலத்தோடு நின்றுவிடும், வேரும் அங்கேயே நின்றுவிடும். இதை அளக்கும் கருவியில் 2 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தாண்டினால் வேர் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும் என்பது கணக்கு. தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க ஓர் அடிக் குழி தோண்டி ஒரு தடவை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளவுகோலை நட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும்.

பாசியும் லைக்கனும் மரத்தை உறிஞ்சிக் கொல்லுமா?

கொல்லாது. அவை பட்டையின் மேலே உட்கார்ந்திருப்பவை, மூடுபனி உள்ள ஊரில் எல்லா மரத்திலும் இருக்கும். திடீரென்று லைக்கன் கூடினால், குடை மெலிந்து தண்டுக்கு வெளிச்சம் படுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஆர்கிட்டும் பன்னமும் (பெரணி) வெறும் குடியிருப்பவைதான்.

குருவிச்சை வேறு. அது கிளைக்குள் வேர் விட்டுத் தண்ணீரையும் தாதுவையும் எடுக்கும். ஒன்றிரண்டு கொத்து பெரிய மரத்துக்குப் பொருட்டல்ல. கிளைக்குக் கிளை வந்துவிட்டால் அது ஏற்கெனவே தளர்ந்த மரமாக இருக்கும். பூக்கும் முன் அந்தக் கிளையோடு வெட்டி எடுப்பதே வழி. மேலே இலையை மட்டும் கிள்ளினால் மறுபடி வரும்.

உண்மையில் பயப்பட வேண்டியது அடிமரத்திலோ வேரிலோ தட்டுத் தட்டாக வளரும் கட்டையான காளானுக்கு. அது வெளியே தெரியும்போது உள்ளே அழுகல் வெகுதூரம் போயிருக்கும்.

கருவிகள் இருக்கிறதாமே?

இருக்கின்றன. இலையின் பச்சையத்தை அளக்கும் கைக்கருவி இரண்டு நிற ஒளியை இலை வழியாகச் செலுத்தி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்த்து ஓர் எண் தரும். அந்த எண்ணுக்கு அலகு கிடையாது, ஒரே இனத்துக்குள் ஒப்பிட மட்டுமே. இன்னொரு கருவி இலையை 20, 30 நிமிடம் இருட்டில் மூடி வைத்து, பிறகு ஒளி பாய்ச்சி, இலை திருப்பி விடும் மங்கிய ஒளியை அளக்கும். ஒளி பாய்ச்சியதும் அது கூடிய அளவை அதன் உச்ச அளவால் வகுத்தால், நலமான இலையில் 0.83 அளவில் வரும். குறையக் குறைய இலை அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள், அதுவும் கண்ணுக்கு மஞ்சள் தெரியும் முன்பே.

பல்கலைக்கழகத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இவை பொருந்தும். வீட்டுக்கும் பள்ளிக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்குப் புதுக் கன்றுகள் வாங்கலாம்.

மரத்தில் பொந்து. வெட்டிவிடலாமா?

பொந்து என்பதற்காக மட்டும் வெட்ட வேண்டாம். மரம் தன் புண்ணை நம் தோலைப் போல ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புது மரம் சேர்க்கும். இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, 1970களில். பழைய வெட்டுக்காயத்தின் விளிம்பில் வட்டமாகத் திரண்டு மூடிவரும் புதுக் கட்டை வருடத்துக்கு எவ்வளவு முன்னேறுகிறது என்று அளப்பதும் வீரியத்துக்கு ஓர் அளவுகோல். நல்ல மரம் வேகமாக மூடும்.

தாங்குமா என்பதற்கு, சுற்றிலும் மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் தடிப்பைப் பார்ப்பார்கள். ஜெர்மனியின் கிளாஸ் மத்தெக் முன்வைத்த கணக்குப்படி அது ஆரத்தில் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது: 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 9 செ.மீ. இதை எல்லா மரத்துக்கும் பொருத்த முடியாது என்று மற்ற ஆய்வாளர்கள் வாதாடுவதும் உண்டு. ஒரு பக்கம் திறந்த பொந்துக்கு இது போதாது. மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினால் வெற்றிடம் உள்ள பக்கம் ஓசை மாறும். எத்தனை தடிப்பு என்பதை அந்த ஓசை சொல்லாது, நிபுணரை அழைக்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும்.

சாய்ந்து நிற்கிறது. பயப்பட வேண்டுமா?

எப்போது சாய்ந்தது என்பதுதான் விஷயம். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் குக் பைன் மரங்களின் வரிசை வளைந்தும் சாய்ந்தும் நிற்கும், சுற்றுலா வருகிறவர்கள் காற்று சாய்த்தது என்று நினைப்பார்கள். அந்த இனமே பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும் பழக்கம் உள்ளது என்று பல நாடுகளில் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்து சாய்ந்து, பிறகு உச்சி நிமிர்ந்து வளர்ந்த மரமும் அப்படியே பழகியதுதான்.

புதிதாகச் சாய்ந்தது வேறு. மேட்டுப் பக்கம் மண் வெடித்திருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் ஒரு நூல் குண்டைத் தொங்கவிட்டு, அடியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்து எழுதி வைத்தால் அசைவு தெரிந்துவிடும். ஒரு மரத்துக்குப் பதில் சரிவில் உள்ள பல மரங்கள் சேர்ந்து சாய்ந்தால், கம்பங்களும் வேலியும் கூடச் சாய்ந்தால், பிரச்சினை மரத்தில் இல்லை, நிலம் நகர்கிறது. மரத்தை அளந்துகொண்டு நிற்காமல் அங்கிருந்து இறங்கி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் (117) சொல்லுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை.

உச்சியை மொட்டையடித்தால் மரம் புதுப்பலம் பெறுமாமே? நிறையத் தளிர் வருகிறதே?

அந்தத் தளிர் பலத்தின் அடையாளம் அல்ல. சாப்பாட்டு வழி திடீரென்று அறுந்ததால் மரம் இருப்பை எல்லாம் கொட்டி அவசரமாக இலை விடுகிறது. அப்படி வரும் கிளைகள் வெட்டின் ஓரத்தில் மேலோட்டமாக ஒட்டி வளர்பவை, பருத்த பிறகு காற்றில் பிய்ந்துவிடும். வெட்டாமலே அடிமரத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பினாலும் கவனியுங்கள், மேலே ஏதோ குறை.

தேயிலை மலையில் முள்முருங்கையைக் கழிக்கிறார்களே என்று கேட்பார்கள். அது கழித்துத் தழையை மண்ணுக்குப் போடவென்றே வளர்க்கப்படும் மரம், சிறு வயதிலிருந்தே பழகியது. நாற்பது வருடம் வளர்ந்த சைப்பிரசுக்கு அது பொருந்தாது. சைப்பிரஸ் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதே இல்லை என்று சொல்லலாம்.

அளவு குறைந்தால் உரம் போடலாமா?

முதலில் காரணம். இறுகிய மண், தேங்கிய நீர், வெட்டுண்ட வேர் இவற்றுக்கு உரம் மருந்தாகாது. மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். தேயிலை மண் புளிப்பானது, pH 4.5 முதல் 5.5 வரை, பல வீட்டு மரங்களுக்கு அது கூடுதல் புளிப்பு. கிரெவிலியாவோ பாஸ்பரஸ் குறைந்த மண்ணிலேயே பிழைக்கும்படி வேர் அமைந்த ஆஸ்திரேலிய மரம், அதற்கு அள்ளிக் கொட்டத் தேவையில்லை. பெரும்பாலான மரங்களுக்கு நான் சொல்வது: அடிமரத்தைத் தொடாமல் மூன்று நாலு அங்குலம் சருகு மூடாக்கு, வறட்சியில் தண்ணீர், மரத்தடியில் வண்டி நிறுத்தாமை.

ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போகின்றனவே, அது எங்கள் மரத்துக்கும் வருமா?

அங்கே கீன உட்படச் சில உயர்மலைக் காட்டு மரங்கள் பல பத்தாண்டுகளாகத் திட்டுத் திட்டாகப் பட்டுப்போகின்றன. மண்ணில் நீர்க்குறை, மண்ணின் தன்மை, காற்று மாசு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே காரணம் இல்லை. உங்கள் முற்றத்து மரத்துக்கு அது தொற்றிக்கொண்டு வரும் நோய் என்று பயப்படத் தேவையில்லை. தேயிலை மலையில் வேர் அழுகல் பிடித்த செடித் திட்டு ஓரத்தில் நிற்கும் நிழல் மரம்தான் கவனிக்க வேண்டியது, பழைய அடிக்கட்டையிலிருந்து வேரோடு வேர் தொட்டு அது பரவும்.

ஆபத்தான மரம் என்று முடிவானால் நாமே வெட்டலாமா?

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மற்றவற்றுக்கும் இடத்தைப் பொறுத்து விதி மாறும், ஆகவே முதலில் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் கேளுங்கள். தோட்டத்து மரமென்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மழைக்காலம் வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்கள் அளவுகளும் வருட வாரியான படங்களும் கையில் இருந்தால் கடிதத்தோடு இணையுங்கள். "பயமாக இருக்கிறது" என்பதை விட "கடந்த வருடம் பட்ட கிளை 10 சதவீதம், இந்த வருடம் 35, அடியில் காளான்" என்பதற்குப் பதில் சீக்கிரம் வரும்.

கொப்பியில் என்னென்ன எழுதி வைப்பது?

மரத்துக்கு ஓர் எண், இனம், நிற்கும் இடம். திகதி. சுற்றளவும் அளந்த உயரமும். குடை சதவீதம், பட்ட நுனி சதவீதம், நுனி நீள்ச்சி, இலை நீளம். அடிமரத்தில் கண்டவை. அந்த வருடம் சுற்றிலும் நடந்தவை: கான் வெட்டியது, பாதை போட்டது, மதில் கட்டியது, கிளை வெட்டியது, பெருங்காற்று. கடைசியாகச் சொன்ன இந்த வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து மரம் தளரும்போது காரணம் பெரும்பாலும் அந்த வரியில்தான் கிடைக்கும்.